ஆம்ப் அணைந்து அணைந்து வருகிறதா? ஓம் கணக்கில் நாங்கள் பார்த்தவை

நண்பரின் காரில் சத்தம் குறைவாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் பாடும். பாதிக்கு மேல் ஏற்றினால் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) சிவப்பு விளக்கு எரியும், பாஸ் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்ப வரும். ஆம்ப் போச்சு, புதுசு வாங்கு என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 0.9 ஓம்! மின்தடை இவ்வளவு குறைந்தால் ஆம்ப் அளவுக்கு மீறி மின்னோட்டம் கொடுக்க வேண்டிவரும், தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆம்பைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டு சப்வூஃபர் (பாஸுக்கான ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்), ஒவ்வொன்றிலும் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், இரண்டு; ஒவ்வொன்றும் 4 ஓம். நான்கையும் பேரலலாக (பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக) முடிந்து வைத்திருந்தார்கள். கணக்குப்படி 1 ஓம். ஆம்போ இரண்டு சேனல், பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டினால்) 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலுக்கும் தெரிவது பாதி ஓம்தான், அதாவது இங்கே 0.5. சப் ஒவ்வொன்றின் காயில்களையும் சீரீஸாக்கினேன் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தேன்), 8 ஓம் ஆனது. அந்த இரண்டு எட்டையும் பேரலலாகச் சேர்த்தால் 4. அப்புறம் அந்த விளக்கு எரியவே இல்லை.

மீட்டர் காட்டுவது டிசி (நேர் மின்னோட்ட) மின்தடை மட்டுமே, அது ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 4 ஓம் காயில் 3.5 பக்கம் காட்டினால் பயப்பட வேண்டாம்.

—

நான் பார்த்த வண்டியில் ஓம் சரி, பாஸ்தான் இல்லை. ஒரு சப்பில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது, ஒன்றின் பாஸை மற்றது அழித்துவிடுகிறது. ஆம்ப் வயரைக் கழற்றிவிட்டு சப்பின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு வெளியே வர வேண்டும்.

—

என்னிடம் வந்தவரிடம் இருந்தது இரட்டை 2 ஓம் சப் (2 ஓம் காயில் இரண்டு உள்ளது) ஒன்று, 2 ஓம் வரை தாங்கும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் ஒன்று. அந்தச் சப்பில் சீரீஸில் 4 ஓம் வரும், பேரலலில் 1 ஓம் வரும், இரண்டு காயிலையும் போட்டு 2 ஓம் வரவே வராது. ஒரு காயிலை மட்டும் இணைத்தால் 2 ஓம் ஆயிற்றே என்றார். ஆகும்தான், ஆனால் சப் தாங்கும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும், பாஸின் இறுக்கமும் தளரும். 4 ஓமிலேயே ஓட்டச் சொன்னேன். பவர் குறையுமே என்று முகம் சுளித்தார். வாட்ஸ் பாதியானாலும் குறைவது 3 டெசிபல்தான். பாட்டு ஓடும்போது அது அவருக்கே பெரிதாகத் தெரியவில்லை.