பீடி சுற்றும் பெண்களுக்குத் திரையிட ஒரு தமிழ்ப் படம் தேவை

குழுவினருக்கு வணக்கம். வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில், எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்களுக்காக மார்ச் 8 அன்று ஒரு படம் திரையிட இருக்கிறோம். பொருத்தமான படம்தான் இன்னும் அமையவில்லை. மடியில் முறத்தை வைத்து, இலை நறுக்கி, தூள் இட்டு, நூல் கட்டி நாள் முழுவதும் உழைப்பவர்கள் அவர்கள். நம் படங்களிலோ நாயகி வேலைக்குப் போகிறாள் என்பதைப் பெரும்பாலும் தோளில் தொங்கும் கைப்பை மட்டுமே சொல்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தின் கவிதா சம்பாதித்துக் குடும்பத்தையே தாங்குகிறாள் என்றாலும், அதைப் பலரும் பார்த்துவிட்டார்கள். '36 வயதினிலே' (2015) சென்ற ஆண்டே திரையிட்டோம். மாடித் தோட்டக் காட்சிகளைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். டி. பி. ராஜலட்சுமி 1936-இல் இயக்கிய 'மிஸ் கமலா'வைத் தேடினோம், பார்க்கக் கிடைக்கவில்லை.

சமுதாயக் கூடம் மாலை 4 மணி முதல் 7 மணி வரை கிடைக்கும்; புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கிறோம். சிறுமிகளும் உடன் இருப்பார்கள் என்பதால், வன்கொடுமைக் காட்சிகள் உள்ள படங்களை, அவை எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டிருந்தாலும், தவிர்க்கிறோம்.

பெண்ணின் உழைப்பையே கதையாகக் கொண்டு, திருமணத்தையோ மரணத்தையோ முடிவாக வைக்காத, முறையாக அனுமதி பெற்றுத் திரையிடக்கூடிய தமிழ்ப் படம் எது?