துப்புரவு வேலையில் கண்ட சுரண்டல்: உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

சிறு நிறுவனர்:

துப்புரவுப் பணி ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். ஆள் போதாத நேரத்தில் ஏஜெண்ட் மூலம் ஆள் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அப்படி வந்த ஒரு குழுவுக்குச் சம்பளம் போடும்போது கணக்கு எழுதுபவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெயர்கள் வேறு வேறு, வங்கிக் கணக்கு எண் மட்டும் ஒன்றே. வீட்டு முகவரியும் ஒன்றே. அவசரத்துக்கு அழைக்கக் கொடுத்த கைபேசி எண்ணும் ஒன்றே. மூன்றும் ஏஜெண்டுடையவை.

கேட்டதற்கு, "அவங்களுக்குக் கணக்கு தொடங்கத் தெரியாதுங்க, நான்தான் ரொக்கமாப் பிரிச்சுக் குடுக்கிறேன்" என்றார். எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க நினைத்தேன். ஏஜெண்டும் அவருடைய சூப்பர்வைசரும் இல்லாத நேரத்தில், அவர்கள் மொழி தெரிந்த வெளியாள் ஒருவரை வைத்து, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினோம். தங்குமிட வாடகை, வண்டிச் செலவு, 'பேப்பர் செலவு' என்று பிடித்தது போக, நான் கொடுத்த கூலியில் கால் பங்குகூட அவர்கள் கைக்குப் போகவில்லை. நான் முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது இது. அதனால்தான் கேட்கிறேன்: உங்களுக்கு எது முதலில் கண்ணில் பட்டது? அதன்பின் என்ன செய்தீர்கள்?

இரவு ஷிப்ட்:

நான் அந்தத் தொழிலாளிங்க பக்கத்துல இருந்தவ. வேலைக்குச் சேர்த்துவிட ஏஜெண்டுக்குக் கடன் வாங்கித்தான் பணம் கட்டினேன். வந்து இறங்கினதும் 'தொலைஞ்சிடும், ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்'னு பாஸ்போர்ட்டை வாங்கிட்டாங்க. யூனிஃபார்முக்குப் பிடித்தம், படுக்கைக்குப் பிடித்தம், தரை காயுறதுக்குள்ள யாராவது நடந்து கறை பட்டா அதுக்கும் அபராதம். சம்பளச் சீட்டு கண்ணால பார்த்ததில்லை. கடன் எவ்வளவு பாக்கின்னு கேட்டா, போன மாசத்தைவிடக் கூடியிருக்கும்.

யாரும் அடிக்கல, கதவைப் பூட்டல. அதனாலேயே இது தப்புன்னு எனக்கே ரொம்ப நாள் தோணல. கட்டிடத்துல எல்லாரும் போனப்புறம் நாங்க உள்ள போவோம், எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வெளியே வந்துடுவோம். எங்களைப் பார்க்கவே ஆள் கிடையாது. ஒருநாள் காலையில சீக்கிரம் வந்த ஒரு அலுவலர், "நேத்து ராத்திரி நான் கிளம்பும்போதும் நீங்கதானே இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. ஆனா அவங்க விடல. என்னை மாட்டிவிடாம, தொழிலாளர் உதவி எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க.

கட்டிட மேலாளர்:

ஒப்பந்தம் கொடுக்கும் இடத்தில் நான் இருக்கிறேன். எனக்கு விலைப்பட்டியலிலேயே தெரிந்தது. எங்கள் கட்டிடத்துக்கு, எத்தனை தளம், எத்தனை கழிவறை, எவ்வளவு கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அளந்து வைத்திருந்தேன். அந்த மணிநேரத்தைச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியால் பெருக்கினேன். ஒப்பந்தக்காரர்கள் கேட்ட விலைகளில் மிகக் குறைந்தது அந்தத் தொகைக்கே எட்டவில்லை. விடுமுறைச் சம்பளம், காப்பீடு, தரை துடைக்கும் மருந்து, மெஷின், அவர்கள் லாபம் எதுவும் அதில் சேரவில்லை. "எப்படிங்க கட்டுப்படியாகும்?" என்றேன். "அது எங்க பிரச்சினை சார்" என்றார்கள். அந்தத் தொகை யாருடைய கூலியிலிருந்து வெட்டப்படும் என்பது எனக்குப் புரிந்தது. நிராகரித்தேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டை வாயில் காவலரின் பதிவோடு ஒப்பிடுவேன். பதிவேட்டில் ஒரு பெயர், உள்ளே வேறு ஆள் என்றால், வேலை கைமாறிக் கைமாறி யாரோ ஒருவரிடம் போயிருக்கிறது என்று பொருள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சப்-கான்ட்ராக்ட் விடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டோம்.

இன்னொன்றையும் எங்கள் தரப்பினர் கேட்க வேண்டும். பில்லை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், சிறிய ஒப்பந்தக்காரர் சம்பளத்தைத்தான் நிறுத்தி வைப்பார். பணத்தை நேரத்துக்குக் கொடுக்காத நிறுவனம் அடிமை உழைப்பை ஒழிக்கிறோம் என்று அறிக்கை வெளியிடுவதில் எனக்கு மரியாதை இல்லை.

புதிய உறுப்பினர்:

ஒரு சந்தேகம். அவங்களே சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டு வர்றாங்க? அப்புறம், சந்தேகம் வந்த உடனே போலீசைக் கூப்பிடணுமா?

தொழிலாளர் துணை:

பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிறேன். முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை, தண்டனை மிரட்டலின்கீழ் வாங்கப்படும், மனமுவந்து முன்வராத வேலையைக் கட்டாய உழைப்பு என்கிறது. ஆள் கடத்தல் பற்றிய 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை இன்னும் தெளிவு: ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது. 'ஒன்றுமில்லை, இஷ்டப்பட்டுத்தான் செய்கிறேன்' என்று எங்களிடம் சொன்ன ஒருவருடைய கடன் விவரத்தைக் கேட்டபோதுதான், வேலையை விட்டால் ஊரில் இருக்கும் குடும்பத்தைத் தேடி ஆள் வருவார்கள் என்ற பயம் வெளிவந்தது.

கட்டாய உழைப்புக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது, கடனைக் காட்டி வேலையில் கட்டிப்போடும் கடன் பிணை, கூலியை நிறுத்துவது, தனிமைப்படுத்துவது, அளவுக்கு மீறிய ஓவர்டைம் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் அதிகம் காணப்படுவது கூலியை வேண்டுமென்றே கொடுக்காமல் வைப்பது. 2021இல் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக அதே அமைப்பின் மதிப்பீடு.

இரண்டாவது கேள்வி: உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் போலீஸ்தான், யோசிக்காதீர்கள். மற்றபடி அவர் என்ன விரும்புகிறார் என்று தனியாகக் கேளுங்கள். முதலாளியையோ ஏஜெண்டையோ நேரே போய் அதட்டாதீர்கள். அதட்டினால் அன்று இரவே ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். விசா பிரச்சினை இருப்பவருக்கு, அவசரப்பட்டுக் கொடுக்கும் புகார் அவரையே திருப்பி அனுப்புவதில் முடியலாம். ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ முதலில் கேளுங்கள். அந்த ஏஜெண்டின் ஆட்களை மொத்தமாக வேலையிலிருந்து அனுப்பிவிடுவதும் உதவியல்ல, கடன் அவர்கள் தலையிலேயே நிற்கும்.

சிறு நிறுவனர்:

அந்தக் கடைசி வரி மிக முக்கியம். நாங்கள் ஏஜெண்டின் ஒப்பந்தத்தைத்தான் முறித்தோம், ஆட்களை நேரடியாக எடுத்துக்கொண்டோம். ஒவ்வொருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, கையில் சம்பளச் சீட்டு. அவர்கள் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 181, வேலை வாங்கித் தரத் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றே பொது விதியாகச் சொல்கிறது. செலவை ஏற்க வேண்டியது வேலைக்கு எடுப்பவர். இனி ஏஜெண்டோடு கையெழுத்திடும் முன், ஆட்களிடம் ஒரு காசு வாங்கவில்லை என்பதை ஆட்களிடமே கேட்டுச் சரிபார்க்கிறோம்.

இரவு ஷிப்ட் அக்காவுக்கு ஒரு கேள்வி. உதவி எண்ணை அச்சடித்து ஒட்டப் போகிறோம். எங்கே ஒட்டினால் பயன்படும்?

இரவு ஷிப்ட்:

கழிவறைக் கதவுக்கு உட்பக்கம் ஒட்டுங்க தம்பி. நாங்க தனியா இருக்கிற இடம் அதுதான், நின்னு படிச்சா யாரும் பார்க்க மாட்டாங்க. ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல வேணாம், அங்க சூப்பர்வைசர் கண்ணு இருக்கும். எங்க எல்லா மொழியிலயும் போடுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு போன் படம் போடுங்க. கீழே எண்ணைச் சின்னச் சின்னதா கிழிச்சு எடுத்துக்கிற மாதிரி வெட்டி விடுங்க. கிழிச்சு எடுக்கிற துண்டுல எண்ணைத் தவிர வேற ஒரு எழுத்தும் வேணாம்.