மாமாவின் காணியில் நிற்கும் கற்பலகைகள்: பார்த்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் மாமாவின் காணியில் பற்றை வெட்டும்போது நான்கு கற்பலகைகள் சதுரமாக நிற்பதைக் கண்டோம். மேலே மூடியிருந்த பெரிய பலகை ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே ஓட்டுத் துண்டுகள்: உட்புறமும் விளிம்பும் கறுப்பு, அடிப்பகுதி சிவப்பு. இந்தக் கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் இறந்தவர்களைப் புதைத்த பழங்காலத் தாழிகளோடும், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் தோண்டிய பழங்காலப் புதைகுழிகளோடும் கிடைத்த வகை; இதுவும் அப்படியொரு பழைய கல்லறையாக இருக்குமோ என்று எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில் உள்ள பழங்காலக் கல்லறைகளை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், எங்கள் கற்களின் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். இயற்கைப் பாறையா, மனிதர் நிறுத்தியதா என்று எதை வைத்துப் பிரித்தறிவது?

அடுத்த கிழமை நிலம் மட்டப்படுத்த ஜேசிபி வருகிறது. மாமாவிடம் கெஞ்சி அந்த மூலையை மட்டும் விடச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார், ஆனால் எத்தனை நாளைக்கு? அனுமதியின்றித் தோண்டுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம், அதனால் நாங்கள் கைவைக்கவில்லை. ஓடுகளையும் கிடந்த இடத்திலேயே விட்டிருக்கிறோம்.

தொல்பொருள் திணைக்களத்துக்கு எப்படி எழுதுவது? முன்பு அறிவித்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து உள்பெட்டிக்கு வாருங்கள். கல்லை இழுத்துப் போட்டுவிட்டால் பிறகு யார் வந்தும் பயனில்லை.