வீடு இடிந்தால் கட்டியவனின் மகனைக் கொல்வதா? ஹம்முராபி சட்டம் பற்றி ஒரு சந்தேகம்

தூக்குக்குண்டு:
வீடு கட்டித் தருவதுதான் முப்பது வருடமாக எனக்குத் தொழில். மகள் சட்டக் கல்லூரியில் முதல் வருடம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது பாடத்தை வாசித்துக் காட்டினாள். பாபிலோனில் ஹம்முராபி போட்ட சட்டமாம். கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவனைக் கொல்ல வேண்டும், அது 229-வது பிரிவு. சரி, ஏதோ கோபத்தில் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது 230: வீட்டுக்காரரின் மகன் செத்தால் கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும். எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். பத்தாவது படிக்கிறான், சிமெண்ட் மூட்டையைத் தொட்டதுகூட இல்லை. அவன் என்ன செய்தான்? அதே வீட்டில் அடிமை செத்தால் பதிலுக்கு ஒரு அடிமையைக் கொடுத்தால் போதுமாம்.

கண்ணுக்குக் கண் என்றால் எல்லோருக்கும் ஒரே நியாயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தானா?

களிமண்ஏடு:
ஐயா, நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்தைப் பல வருடம் தப்பாகவே நடத்தியிருக்கிறேன். ‘முதலில் பழிக்குப் பழி, நாகரிகம் வளர்ந்த பிறகு அபராதம்’ என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுவேன். பாபிலோன் இருந்த மெசபொடேமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) அந்த அம்பு எதிர்ப்பக்கம் போகிறது.

ஹம்முராபியின் சட்டம் கி.மு. 1750-ஐ ஒட்டியது. அதற்கு முந்நூறு வருடத்துக்கும் முன்னால் ‘ஊர்’ என்ற பெயருள்ள நகரத்தின் ராஜா ஊர்-நம்முவின் சட்டத்தில், ஒருவன் கண்ணைக் கெடுத்தால் அரை மினா வெள்ளி கட்டினால் போதும். ஒரு மினா 60 ஷெக்கல், நம் கணக்கில் ஏறக்குறைய அரைக் கிலோ. கொலைக்குத்தான் உயிர். எஷ்நுன்னா என்ற இன்னொரு மெசபொடேமிய நகரத்தின் சட்டத்திலும் கண்ணுக்கு ஒரு மினா, பல்லுக்கு அரை மினா, கன்னத்தில் அறைந்தால் 10 ஷெக்கல்.

ஹம்முராபி வந்த பிறகுதான் கண்ணுக்குக் கண். அதுவும் ‘அவீலும்’ என்ற மேல்தட்டு ஆள் இன்னொரு அவீலுமின் கண்ணைக் கெடுத்தால் மட்டும். ‘முஷ்கேனும்’ என்ற கீழ்நிலைக் குடிமகனின் கண் என்றால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி, அதுவும் எஜமானுக்குப் போகும். அதாவது கண்ணுக்குக் கண் என்பது பெரிய மனிதர்களுக்குக் கொடுத்த மரியாதை. மற்றவர்களுக்கு விலைப்பட்டியல்.

உங்கள் பையன் கேள்விக்கு வருகிறேன். சட்டம் அவனைத் தனி ஆளாகவே பார்க்கவில்லை. ஒரு தகப்பன் மகனை இழந்தான், இன்னொரு தகப்பனும் இழக்கட்டும், அவ்வளவுதான் கணக்கு. 117-ஐப் பாருங்கள்: கடன்காரன் மனைவி, மகன், மகளைக் கடனுக்காகக் கொடுக்கலாம், மூன்று வருடம் வேலை செய்துவிட்டு நான்காம் வருடம் விடுதலை. அப்படி அடமானமாகப் போன மகன் கடன் கொடுத்தவன் வீட்டில் அடிபட்டுச் செத்தால், அங்கேயும் கடன் கொடுத்தவனின் மகனுக்குத்தான் மரணம் (116). மகன் அப்பாவின் சொத்து.

எல்லா ஊரும் இப்படியில்லை. அனதோலியாவின் (இன்றைய துருக்கி) ஹிட்டைட் மக்களின் சட்டம் கண்ணுக்கு ‘முன்பு ஒரு மினா, இப்போது 20 ஷெக்கல்’ என்று குறைத்தே எழுதுகிறது. ஆனால் அடிமைக்கு அங்கேயும் பாதிதான்.

வாய்தா:
வக்கீல் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. அந்தக் காலத்து பாபிலோனியக் களிமண் ஏடுகள், ஒப்பந்தம், வழக்கு, கடன் பத்திரம் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. நீதிபதிகள் ‘ஹம்முராபி சட்டத்தின் இன்ன பிரிவுப்படி’ என்று தீர்ப்பு எழுதும் வழக்கம் அவற்றில் இல்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும், இந்தச் சட்டம் செதுக்கிய கறுப்புக் கல்லின் உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷ் முன் ராஜா நிற்கிறார். முன்னுரையும் முடிவுரையும் முழுக்கத் தற்பெருமை. எனக்கு அது நான் எவ்வளவு நீதிமான் பார் என்கிற கல்வெட்டாகத்தான் தெரிகிறது. அதனால் 230-ஐ வைத்து எத்தனை பையன்கள் செத்தார்கள் என்று கணக்குப் போட முடியாது.

ராஜாவை முழு வில்லனாக்கவும் வேண்டாம். 48-வது பிரிவு: வெள்ளம் வயலை அழித்தாலோ தண்ணீரின்றிப் பயிர் பொய்த்தாலோ, அந்த வருடம் கடனுக்குத் தானியம் எதுவும் கொடுக்க வேண்டாம், வட்டியும் கிடையாது, கடன் எழுதிய களிமண் ஏட்டை நனைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் ஊர் விபத்து வழக்கில் நஷ்டஈடு எதை வைத்துக் கணக்கிடுகிறோம்? செத்தவரின் வருமானத்தை வைத்துத்தான். ஒரே பேருந்தில் போன இன்ஜினியருக்கு ஒரு தொகை, சித்தாளுக்கு ஒரு தொகை. இது எனக்குத் தினசரி வேலை, அதனால் சொல்கிறேன்.

தூக்குக்குண்டு:
சித்தாள் கணக்கு எனக்குத் தெரியும் சார், ஒரு முறை கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறேன்.

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. மகளிடம் புத்தகத்தை வாங்கி மிச்சத்தையும் பார்த்தேன். கூலியும் போட்டிருக்கிறது, 228: ஒரு சார் பரப்புக்கு இரண்டு ஷெக்கல் வெள்ளி. சார் என்பது 36 சதுர மீட்டராம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 390 சதுர அடி. பதினாறு, பதினேழு கிராம் வெள்ளிக்கு 390 சதுர அடி! அந்தக் கூலிக்கு மகனையும் பணயம் வைத்து எவன் வேலைக்கு வந்தானோ.

233 மட்டும் நியாயமாகப் பட்டது. சுவர் சரியில்லாமல் சாய்ந்தால் கட்டியவன் சொந்தக் காசில் பலப்படுத்தித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டு மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன மழையில் ஒரு காம்பவுண்ட் சுவர் உப்பி, இரண்டு லோடு செங்கல் என் கைக்காசில் போனது அவளுக்குத் தெரியும்.