நியோன் எழுத்துக்குள் மணிமணியாக ஊரும் வெளிச்சம் – குழாய் போய்விட்டதா?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். திருகோணமலை அலஸ்தோட்டத்தில் மாமாவின் விருந்தினர் விடுதி வாசலில் பழைய நியோன் போட் (பெயர்ப்பலகை) ஒன்று இருக்கிறது. எல்ஈடி அல்ல, உண்மையான கண்ணாடிக் குழாய். விடுதியின் பெயர் சிவப்பு எழுத்தில், பக்கத்தில் ஒரு நீல மீன். பின்னால் இருந்த பாரமான இரும்பு ட்ரான்ஸ்போமர் உப்புக்காற்றில் பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து சின்ன இலத்திரனியல் ட்ரான்ஸ்போமர் ஒன்று எடுப்பித்துப் பூட்டினோம். அதன் மேல் 10 கிலோவோல்ட், 30 மில்லிஅம்பியர், 20 கிலோஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது.

இப்போது போட் எரிகிறது. ஆனால் சிவப்பு எழுத்துகளுக்குள் வெளிச்சம் ஒரே கோடாக இல்லை. ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு என்று மணிக்கோவை மாதிரி உடைந்து, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துப் பக்கம் மெல்ல ஊர்ந்து போகிறது. கண்ணாடிக்குக் கிட்ட கையைக் கொண்டுபோனால் மணிகள் அந்த இடத்தில் நெருங்கி, வேகம் மாறுகிறது. நீல மீனில் இந்தச் சேட்டை இல்லை. குழாய் பழுதாகிவிட்டதா? வெடிக்குமா? வெள்ளைக்காரர்கள் நின்று வீடியோ எடுக்கிறார்கள், மாமா பயந்துபோய் இருக்கிறார்.

வயரிங்_கிண்ணியா:
தம்பி, காஸ் இறங்கியிருக்கும். பழைய குழாய்தானே. கழற்றி எறிந்துவிட்டு எல்ஈடி ஃப்ளெக்ஸ் போடுங்கள். கரண்டும் மிச்சம், உப்புக்காற்றுக்கும் பயமில்லை.

கண்ணாடி_வளைப்பவர்:
கிண்ணியாத் தம்பி, அவசரப்பட வேண்டாம். காற்று உள்ளே போன நியோன் இப்படி எரியாது. நிறம் வெளிறி, ஊதா கலந்து, கடைசியில் பற்றவே பற்றாது. மணி பிடிக்கிற குழாயில் காஸ் சுத்தமாக இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். போட் வேலைக்காரர் எல்லாரும் கண்ட சங்கதி இது: இரும்பு ட்ரான்ஸ்போமரைக் கழற்றி இலத்திரனியல் பெட்டி பூட்டினால் சிவப்புக் குழாய் மணி பிடிக்கும்.

உப்புவெளிக்காரன், எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். சிவப்பும் நீலமும் ஒரே தொடரிலா போகின்றன? உயர் அழுத்த வயர் இரும்புக் குழாய்க்குள்ளால் போகிறதா? மீனின் இரண்டு முனையும் ஒரே வெளிச்சமா? முதல் இரண்டை விட மூன்றாவதுதான் முக்கியம். இருட்டின பிறகு வடிவாகப் பாருங்கள்.

அப்புறம், கையைக் கிட்டக் கொண்டுபோகிற விளையாட்டை இன்றோடு விடுங்கள். 20 கிலோஹேர்ட்ஸில் அடி அவ்வளவாகத் தெரியாமலே தோல் எரிந்துவிடலாம்.

பௌதிகவியல்_வாத்தி:
மணி ஏன் என்பதை நான் சொல்கிறேன், அண்ணா மீனைப் பார்த்துக்கொள்ளட்டும்.

குழாய்க்குள் ஓடுகிற இலத்திரன் நியோன் அணுவைச் சிவப்பாக ஒளிரவைக்க வேண்டும் என்றால் ஏறக்குறைய 18.5 இலத்திரன்வோல்ட் சக்தி வேண்டும். அயனாக்க, அதாவது அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிய்த்தெடுக்க, 21.6 வேண்டும். இலத்திரன் மின்புலத்தில் கொஞ்ச தூரம் ஓடிச் சக்தியைச் சேர்க்கிறது, மோதுகிறது, சேர்த்ததை இழக்கிறது. மோதிய இடம் வெளிச்சம், மறுபடி சேர்க்கிற இடம் இருட்டு. கோடிக்கணக்கான இலத்திரன்கள் இதை ஒரே ஒழுங்கில் செய்யும்போது குழாய் நெடுக அயனாக்கம் கூடிக் குறைகிற அலை ஒன்று உருவாகிறது. நீங்கள் பார்க்கிற மணி அந்த அலைதான்.

இது நியோனை விடப் பழைய கதை. 1843இலேயே அப்ரியா என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வெளிச்ச-இருட்டு வரிகளைக் கண்டு எழுதிவிட்டார். ஜேர்மன்காரர் கைஸ்லர், காஸ் அடைத்து மின்னால் ஒளிரவைக்கிற தன் கண்ணாடிக் குழாய்களைச் செய்தது 1857இல். ராம்சேயும் ட்ராவர்ஸும் நியோனைக் கண்டுபிடித்ததோ 1898இல்தான். ஜோர்ஜ் க்ளோட் பாரிஸில் நியோன் விளக்கைக் காட்டியது 1910.

பழைய இரும்பு ட்ரான்ஸ்போமரில் ஏன் தெரியவில்லை? அது 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 100 தடவை மின்னோட்டம் பூச்சியமாகி, அயனாக்கம் தணிந்து, மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு தடவையும் வரிகள் புதிதாக எழுந்து ஓடுவதால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். 20 கிலோஹேர்ட்ஸில் காஸ் தணிய நேரமே இல்லை, அதனால் வரிகள் அழியாமல் நிற்கின்றன. இரண்டு அரைச் சுற்றும் சரிசமமாக இருந்தால் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினால், அதாவது ஆடலோட்டத்தோடு (ஏசி) சின்ன நேரோட்டம் (டிசி) கலந்தால், ஊரும். உங்களுடையது ஊர்கிறது என்கிறீர்கள். அந்த நேரோட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும்.

சோதனை சுலபம். மெயின் சுவிட்சை நிறுத்தி, ப்ளக்கையும் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, குழாய்த் தொடரின் இரண்டு முனையிலும் உள்ள வயர்களை இடம் மாற்றிப் பூட்டுங்கள். மணிகள் எதிர்ப்பக்கம் ஊர்ந்தால் கோளாறு பெட்டியில். அதே பக்கம் ஊர்ந்தால் குழாயில்.

நிலாவெளி_மச்சாள்:
இடையில் ஒரு சந்தேகம். இவ்வளவு வோல்ட் என்றால் எக்ஸ்ரே கிக்ஸ்ரே வராதா? பிள்ளைகள் அதற்குக் கீழேதான் விளையாடுகிறார்கள். எங்கள் வீட்டில் புது டியூப்லைட் போட்டாலும் உள்ளே பாம்பு மாதிரி நெளிகிறது.

பௌதிகவியல்_வாத்தி:
வராது. 1895இல் ரொண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது காற்றை அநேகமாக முழுதும் உறிஞ்சிய குழாயில். அங்கே இலத்திரன் மோத ஆளில்லாமல் முழு வோல்ட்டையும் சேர்த்துக்கொண்டு கண்ணாடியில் போய் அடிக்கும். நியோன் போட்டில் காஸ் போதிய அளவு இருக்கிறது, இலத்திரன் இருபது சொச்சம் இலத்திரன்வோல்ட் சேர்ப்பதற்குள் ஒரு அணுவில் மோதிவிடும். பிள்ளைகள் வயரைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். புது டியூப்லைட் நெளிவது வழமை, எரிய எரியச் சரியாகும்.

உப்புவெளிக்காரன்:
சேர், வயரை மாற்றிப் பூட்டினேன். மணிகள் இப்போது முதல் எழுத்திலிருந்து கடைசிப் பக்கம் போகின்றன! அப்போ பெட்டிதான்.

அண்ணா, எல்லாம் ஒரே தொடர்தான். வயர் ஒன்று இரும்புக் குழாய்க்குள்ளால் போகிறது. மீனை இருட்டில் பார்த்தேன். தலைப்பக்கம் நல்ல நீலம். வால்ப்பக்கம் மங்கிப்போய் இலேசான ஊதாவாக இருக்கிறது. முதலில் இப்படி இல்லை. அதை நான் வெயில் குடித்தது என்று நினைத்தேன்.

கண்ணாடி_வளைப்பவர்:
நான் நினைத்தது சரி. உங்கள் வருத்தம் மணி அல்ல, மீன்.

சிவப்புக் குழாயில் வெறும் நியோன். மணி பிடித்தாலும் குழாய்க்கு ஒரு கேடும் இல்லை, அப்படியே கன காலம் எரியும். நீலத்தில் ஆர்கனோடு பாதரசம். வெளிச்சம் தருவது பாதரச ஆவி. அதற்குள் நேரோட்டம் கலந்தால் பாதரசம் மெல்ல மெல்லக் கதோட்டு, அதாவது மறை முனைப் பக்கம் நகர்ந்துவிடும். மற்றப் பக்கத்தில் ஆர்கன் மட்டும் மிஞ்சும், அதன் நிறம்தான் நீங்கள் சொல்கிற ஊதா. முன்னைய காலத்தில் கப்பல்களில் டியூப்லைட்டை நேரோட்டத்தில் எரித்தபோதும் இதே தொல்லை, இடைக்கிடை முனை மாற்றுவதற்கென்றே சுவிட்ச் வைத்திருந்தார்கள். நீங்கள் வயரை மாற்றியதால் வால் இனிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும், ஆனால் விட்டால் தலை மங்கும்.

கடைக்காரர் யாராவது "மணி பிடிக்காத பெட்டி இருக்கிறது" என்று தந்தால் கவனம். அவற்றில் பல, வேண்டுமென்றே நேரோட்டத்தைக் கூட்டி, மணியைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடவிடுபவை. சிவப்புக்கு நல்லது, மீனுக்கு எமன். ஒரே தொடரில் இரண்டும் இருக்கும்வரை அதை வாங்க வேண்டாம்.

என் விருப்பம் மறுபடி இரும்பு ட்ரான்ஸ்போமர்தான். பாரம், விலை கூட, உண்மை. ஆனால் மணியும் இல்லை, பாதரசமும் நகராது. இம்முறை அதை வெளியில் தொங்கவிடாமல் கூரைக்குக் கீழே, தண்ணீர் போகாத பெட்டிக்குள் வையுங்கள்.

வயரிங்_கிண்ணியா:
சரி அண்ணா, காஸ் கதையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஏர்த் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ட்ரான்ஸ்போமரின் இரும்பு உடம்பையும் போட்டின் தகரத்தையும் கட்டாயம் ஏர்த் பண்ண வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிட்சை நம்ப வேண்டாம், ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஒழுக்கு அதற்குத் தெரியாது. குழாய் முனைகளில் படிகிற உப்பை கரண்டை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கடற்கரைப் போட்டில் முதலில் நெருப்புப் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

உப்புவெளிக்காரன்:
மாமா இரும்புக்குச் சம்மதம். பழையதின் தகட்டில் இருந்த வோல்ட்டையும் மில்லிஅம்பியரையும் எழுதி எடுத்துக்கொண்டு தேடப்போகிறேன். அதுவரை போட்டை நிறுத்தி வைக்கவா?

கண்ணாடி_வளைப்பவர்:
வாலுக்கு நல்ல நிறம் வரும்வரை எரியவிடுங்கள், வந்ததும் நிறுத்துங்கள். இரும்புக் குழாய்க்குள்ளால் போகிற வயரை அதற்கிடையில் வெளியே எடுத்து, இரும்பிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

பௌதிகவியல்_வாத்தி:
நிறுத்த முதல் எனக்குச் சொல்லுங்கள். உயர்தரப் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் படமாக மட்டும்தான் பார்க்கிறார்கள், ஒரு பின்னேரம் கூட்டி வருகிறேன்.

உப்புவெளிக்காரன்:
தாராளமாக வாருங்கள் சேர், ஆறரைக்குப் பிறகு. வயர்ப் பக்கம் கயிறு கட்டி வைக்கிறேன்.