நூறைத் தாண்டியவர்கள்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் நாம் பார்த்தவர்கள்

அம்மாப்பேட்டை தறிவீடு
நூறு வயதைத் தாண்டியவர்களுடன் பழகியவர்கள் இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது.

எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தாவுக்கு 102. குழித்தறியில் வேட்டி நெய்தவர். பார்வை போய்விட்டது. யூடியூப் நடத்தும் பையன்கள் இரண்டு பேர் வந்து, "இத்தனை வருஷம் இருக்கீங்களே தாத்தா, என்ன ரகசியம்?" என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல், கேட்ட பையனின் சட்டைக் கையைப் பிடித்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தேய்த்துப் பார்த்தார். "பாவு நாப்பது. ஊடை அதுக்கும் மட்டம். என்ன வெலை குடுத்த கண்ணு?" பையன் சொன்னான். தாத்தாவுக்கு முகமே மாறிவிட்டது. "இந்த நூலுக்கு அந்த வெலை இல்லையே, உன்னைய ஏமாத்திட்டாங்களே."

அதற்கப்புறம் அவர் பேசியதுதான் பேச்சு. விடிவதற்குள் தெருவில் பாவு நீட்டுவது, கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது. அத்தனையும் வெட்டிவிட்டு, "காலையில நீராகாரம் குடிப்பேன்" என்ற துண்டை மட்டும் போட்டார்கள்.

நாகலூர் மிளகு
மிளகு வாங்கப் போகும் மலைக்கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி. பேரன் 110 என்றான். ஆதாரில், பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வழக்கமாகப் போடும் ஜனவரி 1. வயதை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளையில் நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கள்ளுக்கடைய மூடுனாங்களே, அது தெரியும்" என்றார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிற வயதாம். 1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தானே. அப்படியானால் பாட்டிக்கு அப்போது பத்து, பன்னிரண்டு இருக்கும். 110 இல்லை, நூறை ஒட்டிய வயது.

ஆனால் நான் எழுத வந்தது கணக்குக்காக இல்லை. கீழே சந்தைக்குப் போன அவருடைய அப்பா அன்று நிதானமாக வீடு திரும்பியிருக்கிறார். "அன்னிக்கு ராத்திரி எங்கம்மா சிரிச்சா. அதுக்கு முந்தி அவ சிரிச்சு நான் பாத்ததில்ல" என்றார் பாட்டி. மிளகு மூட்டையைத் தூக்கவே மறந்து நின்றேன்.

அயோத்தியாப்பட்டணம்
மலையில் இருப்பவர்கள் நூறு தாண்டுவதில் ஆச்சரியம் இல்லை. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான் காரணம். என் மனைவி வழித் தாத்தா 101 வயதில் மே மாதச் சேர்வராயன் திருவிழாவுக்கு வந்தார். ஜீப்பில் ஏற்றிப் போனோம். அந்தக் குகைக்கோயிலுக்குள் குனியாமல் போக முடியாது, தெரியும் அல்லவா? நாங்கள் கை கொடுப்பதற்குள் தடியைப் பேத்தியிடம் நீட்டிவிட்டுக் குனிந்து உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது எங்களுக்குத்தான். பட்டை தீட்டிய வெள்ளை அரிசியை விடுங்கள், வாரத்தில் பாதி நாளாவது சிறுதானியம் சமையுங்கள், மாலை ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள், தினமும் வெயிலில் நில்லுங்கள். இதைச் செய்தாலே நாமும் நூறைப் பார்க்கலாம்.

வாழப்பாடி டீச்சர்
அயோத்தியாப்பட்டணம் ஐயா, நானும் களி விரும்பிச் சாப்பிடுகிறவள். ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும்தான் சாமையும் களியும் சாப்பிட்டார்கள். சுதந்திரம் வந்தபோது நம் நாட்டில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. காலராவும் அம்மையும் கொண்டுபோன குழந்தைகளின் வீட்டிலும் அதே களிதான் கிண்டினார்கள்.

என் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறை நூறு வயது ஆயாவிடம் அழைத்துப் போனேன். ஒரு குழந்தை "எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்றது. "பெத்தது ஒம்போது, தங்குனது மூணு" என்று விரலை மடக்க ஆரம்பித்தார். தங்காத ஆறு பேரின் பெயரையும் சொன்னார். ஒன்றுக்குப் பெயர் வைக்கும் முன்னே போய்விட்டதாம். அதற்கும் ஒரு விரலை மடக்கினார். பிள்ளைகள் அன்று வேனில் பேசவே இல்லை. அந்த ஆயாவிடம் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கொளத்தூர்க்காரன்
நாகலூர் நண்பர் பாட்டியின் வயதைக் கழித்துக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருஷம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் அப்பத்தா மேட்டூர் அணைக்குள் போன ஊரில் பிறந்தவர். அணை கட்டும் வேலை 1925இல் ஆரம்பித்து 1934இல் முடிந்தது. ஊரைக் காலி செய்தபோது அவருக்கு எட்டோ ஒன்பதோ. அணை நன்றாக வற்றிய ஒரு கோடையில், பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிகிறது என்று கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்பத்தாவையும் காரில் கூட்டிப் போனோம். எல்லோரும் நந்தியைப் படம் பிடிக்கிறார்கள், அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கையைக் குறுக்கே நீட்டி, "அங்க புளியமரம். அதுக்கு இங்குட்டு எங்க திண்ணை. ஆட்டுக்குட்டி ஒண்ணு வர மாட்டேன்னு நின்னுச்சு, அப்பன் அதை விட்டுட்டு வந்துட்டாரு" என்றார். தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் குட்டிக்காக அப்பா மேல் கோபமாக இருக்கிறார்!

நாகலூர் மிளகு
கொளத்தூர் அண்ணா, பாட்டியின் பெருமையைக் குறைக்கவா எழுதினேன்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் நூறும் அதற்கு மேலும் வயதானவர்கள் என்று 6 லட்சத்துக்கு மேல் பதிவானது. 2024 தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 2.18 லட்சம் பேர். தேதி எழுதி வைக்காத தலைமுறை, இரண்டு கணக்கும் எப்படி ஒத்துப்போகும்? உண்மையில் நூறைத் தொட்டவரை மதிக்க வேண்டும் என்றால் வயதையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

சூரமங்கலம் மகள்
அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன், நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். இப்போது 101. ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழுக்கு விரல்ரேகை வைத்தால் கருவி ஏற்கவே இல்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். கடைசியில் உள்ளங்கையை விரித்து, "இதைத் தேச்சதே ரயில்வேதான், அவங்களே ரேகை கேக்கறாங்களா?" என்றார். கோபம் தணிய இரண்டு நாள் ஆனது.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ரேகை விழாவிட்டால் முகத்தைப் படம் பிடித்தே செல்போனில் சான்றிதழ் எடுக்கலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார், சிறு கட்டணம் உண்டு. 80 தாண்டியவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50. நூறு ஆனால் 100 சதவீதம், அதாவது அடிப்படை இரண்டு மடங்கு. இது தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். 2024 தேர்தலில் 85 தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டார்கள். அப்பாவும் போட்டார், அன்று சட்டையை இஸ்திரி போடச் சொல்லி உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிவத்துக்குக் கெடு குறைவு, அறிவிப்பு வந்ததும் பூத் அலுவலரைப் பிடியுங்கள்.

தாரமங்கலம்
பெரிய தாத்தாவின் நூறாவது பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்தோம். அந்தக் காலத்துக் கூத்துக்காரர் அவர். மாலை, பொன்னாடை, ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சு. மைக் அவரிடம் போகவே இல்லை. பந்தியில் இலை போட்டதும் அவராகவே பாட்டை எடுத்தார், திரௌபதி சபைக்கு வருகிற இடம். குரல் கீறல்தான், ஆனால் தாளம் துளி தப்பவில்லை. சாம்பார் வாளியோடு நின்ற பையன் நின்றபடியே கேட்டான். என் அத்தை மட்டும் "சாப்பிடுற நேரத்துல பாட்டு எதுக்கு" என்று நிறுத்தப் போனார். நான் அத்தையின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அதற்கு இன்னும் என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

ஜாகீர் அம்மாபாளையம்
சூரமங்கலம் அக்கா, பெரியப்பா தபால் துறையில் இருந்து காலமானவர். பெரியம்மாவுக்கு வரும் தையில் நூறு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் நீங்கள் சொன்ன அந்தக் கூடுதல் உண்டா?

சூரமங்கலம் மகள்
உண்டு தம்பி, அதே சதவீதம்தான். நூறு நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு. ஆனால் பழைய ஆணைகளில் மனைவியின் பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. பெரியம்மாவின் ஆணையை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஆதாரோ வாக்காளர் அட்டையோ வைத்து இப்போதே எழுதிக் கொடுங்கள், தை வரைக்கும் விடாதீர்கள்.