மறுமொழி: கீ பைண்டிங் – ‘விசைக்கட்டு’ என்றே வைக்கலாம்

அண்ணா,

ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி மென்பொருளுக்குத் தமிழில் எழுதும் கையேட்டில், எந்த விசையைத் தட்டினால் எந்தக் கட்டளை ஓடும் என்ற உறவைக் குறிக்கும் ‘கீ பைண்டிங்’குக்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘குறுக்குவிசை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. ஈமாக்ஸுக்கு மட்டும் ஏன் இன்னொரு சொல்?

ஷார்ட்கட்டுக்கு அது சரி. ஆனால் ஈமாக்ஸில் வெறுமனே ஓர் எழுத்தைத் தட்டினாலும் ‘இந்த எழுத்தை இடு’ என்ற கட்டளைதான் ஓடுகிறது. அதில் எங்கே குறுக்கு? விசைக்கும் கட்டளைக்கும் உள்ள உறவுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

அக்கா சொன்ன ‘விசைப் பிணைப்பு’ பொருளில் பிழையில்லை. இடிக்கிற இடம் வினைச்சொல். கையேடு முழுக்கக் கட்டு, அவிழ், மாற்றிக் கட்டு என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே திருகோணமலைக் கரையில் வள்ளத்தைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் எப்படியோ அப்படித்தான். ‘பிணைப்பை நீக்குக’ என்று எழுதினால் உவர்மலையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தையே தாண்டிப் போய்விடுவார்கள்.

எழுதிப் பார்த்த பகுதி கீழே. கீமேப்புக்கு (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியல்) ‘விசை அட்டவணை’, மோடுக்கு (செய்யும் வேலைக்கு ஏற்ப ஈமாக்ஸ் நடந்துகொள்ளும் விதம்) ‘பாங்கு’, அதில் மேஜர் மோடுக்கு ‘முதன்மைப் பாங்கு’, மைனர் மோடுக்குத் ‘துணைப் பாங்கு’ என்று போட்டிருக்கிறேன்:

“ஒரே விசை பல அட்டவணைகளில் இருந்தால் துணைப் பாங்கின் கட்டு முந்தும், அப்புறம் முதன்மைப் பாங்கு, கடைசியில்தான் பொது அட்டவணை. கண்ட்ரோல்-சி அடித்துப் பின் ஒரு தனி எழுத்து என்ற வரிசை பயனருக்கென்றே ஒதுக்கப்பட்டது. சொந்தக் கட்டுகளை அங்கே போடுங்கள். ஒரு விசை எந்தக் கட்டளையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க, கண்ட்ரோல்-எச், கே அடித்துவிட்டு அந்த விசையைத் தட்டுங்கள்.”

வாசிக்க எங்கேயும் தடக்கவில்லை என்பது என் எண்ணம்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும். லினக்ஸில் ரெங்கநாதன் விசைப்பலகையை (இலங்கையில் வழங்கும் தமிழ்த் தட்டச்சு அமைப்பு) இயங்குதளத்திலேயே போட்டுக்கொண்டால் கண்ட்ரோலோடு போவது தமிழ் எழுத்து. அட்டவணையில் அப்படி ஒரு விசையே இல்லாததால் கட்டுகள் செத்துவிடும். இயங்குதளத்தை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, கண்ட்ரோல்-பின்சாய்கோடு அடித்து ஈமாக்ஸின் சொந்தத் தமிழ் உள்ளீட்டு முறையை எடுத்தால் தொல்லையில்லை. புதியவர்கள் ‘கட்டு வேலை செய்யவில்லை’ என்று வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

கண்ட்ரோல்-எக்ஸ் மாதிரி, தட்டியதும் அடுத்த விசைக்காகக் காத்திருக்கும் பிரிஃபிக்ஸ் விசைக்கு இப்போதைக்கு ‘முன்விசை’ என்று வைத்திருக்கிறேன். ‘தொடக்கவிசை’ மேல் என்றால் சொல்லுங்கள். அந்த அத்தியாயத்தை அதுவரை மூடவில்லை.